கிப்தேலோஸுக்கு என்ன நிறம்

என் பழைய ஆபீசில் இப்போது சரிபார்ப்பு வேலையை ஒரு ஆப் செய்கிறதாம். ஆள் எங்கே வேலை பார்த்தார், எத்தனை வருஷம் பார்த்தார், உண்மையா பொய்யா, எல்லாம் நாலு நிமிஷத்தில் வந்துவிடுகிறதாம். போன மாதம் அங்கிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து, "மேடம், ஆப் இல்லாத காலத்துல நீங்க எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க, ஆபீஸ் மலர்ல போடறோம்" என்றார்கள். கண்டுபிடித்தேன் என்று இவர்களிடம் யார் சொன்னது? பதினேழு வருஷத்தில் நான் கண்டுபிடித்ததைவிடக் கோட்டை விட்டதுதான் அதிகம். அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் சகுந்தலா. பெங்களூரில் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். கார்மெண்ட்ஸில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். அதை மூடிய பிறகு, நாற்பதைத் தாண்டித்தான் இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் ஃபாரம் நிரப்பக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அதே ஃபாரத்தை மறுபடியும் நிரப்பச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பயிற்சி கொடுத்தவரே வேலையை விட்டுப் போய்விட்டார்.

வேலை இதுதான். ஐ.டி. கம்பெனியில் சேர வருகிற பிள்ளைகள், இதற்கு முன் இன்ன கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன் என்று அனுபவச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த இன்ன கம்பெனி இருக்கிறதா, இந்தப் பிள்ளை அங்கே இருந்ததா என்று நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஃபாரத்தில் ஏழு கேள்வி. வாசலில் பெயர்ப்பலகை உண்டா. லேண்ட்லைன் அடிக்கிறதா. உட்கார நாற்காலி உண்டா. கம்ப்யூட்டர் எத்தனை. சான்றிதழில் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் அங்கே இருக்கிறதா. பதில் சொன்னவர் பெயர், பதவி, கையெழுத்து. கடைசியில் அவரை மேசையோடு சேர்த்து ஒரு போட்டோ. ஏழும் சரி என்றால் பச்சை. ஒன்றும் தெரியவில்லை என்றால் மஞ்சள். பொய் என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை எல்லாக் கம்பெனிகளும் வாங்கி வைத்திருக்கும். அதில் ஏறிய ஆளுக்கு இந்த ஊரில் நல்ல இடத்தில் வேலை கிடைக்காது.

இந்தக் கம்பெனி என்னதான் வேலை செய்கிறது என்ற கேள்வி மட்டும் ஃபாரத்தில் கிடையாது. அதனால் நானும் கேட்டதில்லை. ஒரு தடவை 'குளோபல்' என்று முடிகிற பெயரைத் தேடிப் போனால், அது பியூட்டி பார்லர். முகம் முழுக்கக் கடலை மாவு பூசி உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "ஹெச்.ஆர். நான்தான், கேளுங்க" என்றாள். ஸ்டாம்ப் இருந்தது, நாற்காலி நிறைய இருந்தது. பச்சை போட்டேன். போட்டோவில் மாவு விழுந்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் இக்னேஷியஸ் சார். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். சர்ச் சாமியாராகப் போவதற்கு ஏழு வருஷம் செமினரி என்கிற குருமடத்தில் படித்துவிட்டு, குருப்பட்டம் வாங்கும் சமயத்தில் வெளியே வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று ஆபீசில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு பென்சில், யாரையும் பொய்யன் என்று சொல்லாத வாய். கொடுத்த எண்ணில் ஆளே இல்லை என்று தெரிந்தும், "மன்னிக்கணும், மானேஜர் இருந்தா கொஞ்சம் பேசலாமா" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்பார். எதிர்முனையில் இருப்பவன் வெட்கப்பட்டு உண்மையைக் கக்கிவிடுவான். நான் திட்டிக் கேட்டும் வராத உண்மை அது. எனக்கு எரிச்சலாக வரும்.

நான் ஒரு ஃபைலைக் கொண்டுபோய், "இது போலி சார்" என்றால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். வைத்துவிட்டு, "எந்த வகை, சகுந்தலாம்மா?" என்பார்.

"போலியில என்ன சார் வகை? போலின்னா போலி."

"இந்தப் பையன் அந்தக் கம்பெனியில நெஜமாவே ரெண்டு வருஷம் இருந்திருக்கான். அஞ்சுன்னு போட்டிருக்கான். போலின்னு எழுதினா அந்த ரெண்டும் சேர்ந்து போயிடுமே."

அப்படித்தான் அந்தச் சொல் என் வாழ்க்கையில் வந்தது. கிப்தேலோஸ். பழைய கிரேக்கம். உலோகத்தை உருக்கினால் மிஞ்சுகிற கசடுக்குக் கிப்தோஸ் என்று பெயராம், அதிலிருந்து வந்ததாம். வெள்ளிக் காசில் மட்ட உலோகம் கலந்து அடித்தால் அந்தக் காசு கிப்தேலோஸ். மேலே பார்த்தால் தெரியாது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு அதை மனுஷனுக்கும் சொன்னார்களாம். நல்லவன் மாதிரி இருந்து உள்ளே வேறாக இருக்கிறவன் கிப்தேலோஸ். ஏமாற்றுகிற அருள்வாக்கும் கிப்தேலோஸ். செமினரியில் கற்ற கிரேக்கத்தில் பாதி மறந்துவிட்டதாகவும், இந்த ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை என்றும் சார் சொன்னார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபாரத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. கலப்பட ஃபைல் வந்தால் சார் அதில் கிப்தேலோஸ் என்று எழுத ஆரம்பித்தார். ஐ.டி. கம்பெனிகளிலிருந்து கடிதம் வந்தது. ஒருவர், கிப்தேலோஸ் எந்த வெர்ஷன் என்று கேட்டார். இன்னொருவர், இது சின்னக் குறையா பெரிய குறையா என்று கேட்டார். ஒரு இடத்தில் காலாண்டுக் கணக்கில் 'கிப்தேலோஸ்: 3' என்று படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் ரிப்போர்ட்டை எப்படியோ பார்த்துவிட்ட ஒரு பையன், அடுத்த கம்பெனிக்குக் கொடுத்த பயோடேட்டாவில், தெரிந்த தொழில்நுட்பங்களின் வரிசையில், 'கிப்தேலோஸ் – இரண்டு வருட அனுபவம்' என்று எழுதியிருந்தான். அதுவும் சரிபார்க்க என்னிடமே வந்தது. சாரிடம் காட்டினேன். "இது மட்டும் நூத்துக்கு நூறு உண்மைம்மா" என்றார்.

இனி ஹேமலதா விஷயம்.

விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்தெருவில், ஒரு பேக்கரியின் மாடியில் அந்தக் கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன், 'டெக்' என்று முடியும். வியாழக்கிழமை அங்கே விசேஷப் பூசை, அன்று போனால் சர்ச் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. படியேறிப் போனால் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும், இழுத்து வாரிய தலை, இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. நான் உள்ளே நுழைவதற்குள் எழுந்து நின்று, "வாங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். பலகை இருந்தது. லேண்ட்லைனுக்கு அடித்தேன், அவள் மேசையிலேயே மணி அடித்தது. நாற்காலி ஆறு, கம்ப்யூட்டர் ஆறு. ஸ்டாம்ப் மேசை டிராயரில் இருந்தது. நான் சரிபார்க்க வந்த ஆளின் பெயரைச் சொன்னேன். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "ஆமா மேடம், இங்கதான் இருந்தாரு. நல்லா வேலை செய்வாரு" என்றாள்.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

"கிளையன்ட் இடத்துக்குப் போயிருக்காங்க மேடம்."

ஆறு வருஷத்தில் பதினொரு தடவை அந்தப் படியை ஏறினேன். பதினொரு தடவையும் எல்லோரும் கிளையன்ட் இடத்துக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது தடவையிலிருந்து கீழே பேக்கரியில் சொல்லி டீயும் தில்பசந்து என்கிற தேங்காய் ரொட்டியும் வரவழைப்பாள். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்து எத்தனை நாளில் வேலைக்கு வந்தாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாள். எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. சாரிடம் சொன்னேன்.

"அங்க ஒரு வாடை வருது சார்."

"ஏழு கேள்விக்கும் பதில் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பச்சைதான். நம்ம ஃபாரத்துல மூக்குக்கு இடமில்லை."

பதினொரு பேருக்கும் பச்சை போட்டேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து இடம் அலைகிறவளுக்கு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது அந்தக் கம்பெனி மூடிப்போனது. சான்றிதழ் விற்பதற்கென்றே நடந்த கடை அது, முதலாளி ஓடிவிட்டான் என்று பேக்கரிக்காரர் சொன்னார். அடுத்த மாதம் ஒரு ஃபைல் வந்தது. ரிங் ரோட்டில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி, வரவேற்பாளர் வேலை. விண்ணப்பித்தவர் ஹேமலதா. முன் அனுபவம்: அதே டெக்கில் ஆறு வருஷம்.

மூடின கம்பெனியாக இருந்தாலும் சான்றிதழில் உள்ள எண்ணுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும், அது விதி. அடித்தேன்.

"வணக்கம், டெக். ஹேமலதா பேசறேன்."

கம்பெனி எண்ணுக்கு வருகிற அழைப்பு அவள் மொபைலுக்குப் போகும்படி எப்போதோ செய்திருக்கிறார்கள், அதை யாரும் மாற்றவில்லை. நான் ஃபோனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஃபோனில் கேட்பதற்கென்று இருக்கிற தனி ஃபாரத்தை அப்படியே படித்தேன்.

"ஹேமலதா என்பவர் உங்கள் நிறுவனத்தில் ஆறு வருஷம் வரவேற்பாளராக இருந்தாரா?"

"இருந்தாங்க மேடம்."

"நடத்தை?"

"அதை நான் எப்படி மேடம் சொல்றது."

"மறுபடி அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா?"

"எடுக்கறதுக்கு இங்க யாரும் இல்ல மேடம்." பிறகு குரல் மாறியது. "சகுந்தலா மேடம்தானே? சிவப்பு மட்டும் போட்டுடாதீங்க மேடம். வீட்டுக்காரருக்கு முதுகு போயிடுச்சு, ஆட்டோ எடுக்க முடியல. இந்த ஒரு வேலைதான் கூப்பிட்டிருக்காங்க."

பதில் சொன்னவர் பெயர் ஹேமலதா. விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அவரே' என்று எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வகை கேக்காதீங்க சார், இன்னிக்கு நான் நல்ல மூடுல இல்ல" என்றேன்.

"கேக்கலைம்மா. அந்தச் சொல்லுல ஒண்ணு உங்க கிட்ட சொல்லாம விட்டுட்டேன். பழைய காலத்துல ஒரு ஜனம் கம்பளி நூலையும் சணல் நூலையும் சேர்த்து நெய்த துணியைக் கட்டக் கூடாதுன்னு சட்டம் வச்சிருந்தாங்க. அந்தச் சட்டத்தைக் கிரேக்கத்துல எழுதினவங்க அந்தத் துணியைக் கிப்தேலோஸ்னுதான் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, கம்பளி அசல், சணலும் அசல். அங்க யாரும் யாரையும் ஏமாத்தல. சேர்த்து நெய்ததுதான் குத்தம்."

"ஹேமலதா பார்த்த வேலை அசல்ங்கறீங்க."

"தினமும் வந்தாளா இல்லையா?"

"நான் போன அன்னிக்கெல்லாம் இருந்தா சார்."

"அதுக்கு என்ன சாட்சி?"

சாட்சி என்னிடம்தான் இருந்தது. பதினொரு ரிப்போர்ட், பதினொரு போட்டோ, ஒவ்வொன்றிலும் தேதி, அவள் கையெழுத்து, மேசைக்குப் பின்னால் அவள் முகம். ஒருத்தி ஆறு வருஷம் தவறாமல் வேலைக்கு வந்தாள் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே ஆதாரம், நான் ஏமாந்து போட்ட பதினொரு பச்சை. அதை எடுத்து நீட்டினால் அவள் பிழைப்பாள். நீட்டின நிமிஷமே பதினொன்றும் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். என் வேலையும் போகலாம், எங்கேயோ வேலையில் இருக்கிற பதினொரு பேர் கதையும் முடியலாம்.

"மஞ்சள் போட்டுடட்டுமா சார்?" என்றேன். மஞ்சள் கோழையின் நிறம். மஞ்சள் விழுந்தால் கம்பெனிக்காரன் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வான், நம் கையில் ரத்தம் இருக்காது.

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "செமினரியில நாலாவது வருஷமே எனக்கு விசுவாசம் போயிடுச்சு சகுந்தலாம்மா. ஆனா ஏழு வருஷமும் அங்கி போட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. சாகக் கிடக்கறவங்களுக்குக் கஞ்சி ஊட்டுவேன், கையைப் பிடிச்சுக்குவேன். அந்தக் கஞ்சி பொய்யா? வெளிய வந்து முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் எனக்குத் தெரியல. அந்தச் சொல்லு எனக்கு மறக்காததுக்கு அதான் காரணம்." பிறகு, "பதினொண்ணுலயும் கீழ என் கையெழுத்தும் இருக்கு. நீங்க எடுத்தா நானும் கூட வரேன்" என்றார்.

எடுத்தேன். தைரியம் ஒன்றும் இல்லை, யோசித்தால் மனசு மாறிவிடும் என்றுதான் உடனே எடுத்தேன்.

ரிங் ரோடு கம்பெனியில் அபூர்வா என்கிற ஹெச்.ஆர். அதிகாரி எங்களைக் கூப்பிட்டிருந்தாள். மைசூர் பக்கத்துப் பெண், தமிழைக் கன்னடம் கலந்து தட்டுத் தடுமாறிப் பேசுவாள். ஒரு கண்ணாடி அறையில் நானும் சாரும் ஒரு பக்கம், ஹேமலதா ஒரு பக்கம். ஹேமலதா ஒரு துணிப்பையைக் கெட்டியாக மடியில் வைத்திருந்தாள்.

"ஸ்வல்ப நிதானமா சொல்லுங்க. கம்பெனி நிஜமா, பொய்யா?" என்றாள் அபூர்வா.

"பொய்" என்றேன்.

"இவங்க வேலை?"

"நிஜம்."

அபூர்வா ஹேமலதாவைப் பார்த்து, "உங்க வேலை என்ன?" என்றாள்.

"அங்க ஒரு கம்பெனி இருக்குன்னு சொல்றது மேடம்." சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஆறு தடி ரெஜிஸ்டர்களை எடுத்து மேசையில் அடுக்கினாள். வருகைப் பதிவு. முப்பத்திரண்டு பேர். தினமும் காலை ஒன்பதரைக்கு முப்பத்திரண்டு கையெழுத்து, எல்லாம் அவள் போட்டது. ஆளுக்கு ஒரு சாய்வு, ஆளுக்கு ஒரு பேனா. அபூர்வா ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த பிரவீண் ஏன் மூணு நாள் இல்லை?" என்று கேட்டாள்.

"அவருக்கு அம்மை மேடம்."

"இந்த சுமதி?"

"அவங்க லீவு கேட்டாங்க, நான் குடுக்கல மேடம். அந்த வாரம் ஏற்கெனவே நாலு பேர் லீவு."

சார் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அபூர்வாவும் கையால் வாயை மூடிக்கொண்டாள். ஹேமலதா சிரிக்கவில்லை.

"நிஜமா அங்க எத்தனை பேர் வந்தாங்க?" என்று அபூர்வா கேட்டாள்.

"யாரும் வரல மேடம். நான் மட்டும்தான் வந்தேன்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அபூர்வா எங்கள் ரிப்போர்ட்டை எடுத்தாள். குறிப்புக் கட்டத்தில் சார் எழுதியிருந்தார்: 'கிப்தேலோஸ். இரண்டு நூலும் அசல். நெய்தவன் ஓடிவிட்டான்.' நிறத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"இதுக்கு என்ன கலர் சார்?"

சார் பதில் சொல்வதற்குள் நான் பேசிவிட்டேன். "அவளுக்குப் பச்சை போடுங்கம்மா. சிவப்பு போட்டே ஆகணும்னா இந்தப் பதினொண்ணுக்கும் போடுங்க. இதெல்லாம் நான் போட்டது."

போட்டார்கள். ஹேமலதாவுக்குப் பச்சை, எங்கள் ஆபீசில் என் பதினொன்றுக்கும் சிவப்பு. என்னை வெளிவேலையிலிருந்து எடுத்து டைப் அடிக்க உட்கார வைத்தார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சார் அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். பதினொரு பேரில் இரண்டு பேருக்கு அந்த வாரமே வேலை போயிற்று. அதில் ஒருவன் எப்படியோ என் எண்ணைப் பிடித்துப் பேசினான். "பேப்பர் பொய்தான் மேடம். ஆனா இங்க சேர்ந்து நாலு வருஷம் ஒழுங்கா வேலை பார்த்தேன். அதுவும் பொய்யா?" என்றான். ஹேமலதாவுக்காக நான் வாதாடிய அதே கேள்வி. திட்டினான், கேட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஹேமலதா வேலையில் சேர்ந்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் செய்தாள்.

"மேடம், இங்க ரெஜிஸ்டர் இல்ல. மெஷின்ல விரல் வைக்கணுமாம். வச்சேன். பேர் வந்துது. அடுத்த பேர் யாரோடதுன்னு பார்த்துக்கிட்டு அங்கயே நின்னுட்டேன். பின்னால வரிசையே நிக்குது. செக்யூரிட்டி அண்ணன் வந்து, 'ஆயித்தும்மா, உங்க ஒருத்தருதுதான், உள்ள போங்க'ன்னாரு."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள்.

"என் ஒருத்தியோடதுதானாம் மேடம்" என்றாள்.